நான் பாஸ் போட்ட ரத்தப் பரிசோதனைகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம் நான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

"இது ஹார்ட்டா இருக்க வாய்ப்பில்லைங்க. என்ற எல்.டி.எல். அறுபத்திரண்டு. சட்டைப் பையில ரிப்போர்ட் இருக்குது, எடுத்துப் பாருங்க."

"சரீங்க சார். கொஞ்சம் பேசாம படுங்க" என்றார். ரிப்போர்ட்டை எடுக்கவில்லை. இ.சி.ஜி. தாள் வெளியே வந்ததும் அதைக் கிழித்துக்கொண்டு வேகமாக நடந்தார். மருத்துவமனையில் ஒருவர் அப்படி வேகமாக நடந்தால் அது நமக்காகத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வலி இடது தோளிலிருந்து முழங்கை வரை இறங்கிக்கொண்டிருந்தது. நானோ சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் ஆகப்போகிறது. இப்போது நினைத்தால் அந்தக் காட்சி வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என் நோயைவிட என் நம்பிக்கையைப் பற்றித்தான் இதில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் நடராஜ். வயது ஐம்பத்தேழு. வீடு சூலூரில். மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். மோட்டாருக்குள் சுழலும் இரும்புத் தண்டை நாங்கள் ஷாஃப்ட் என்போம். அது என் மேஜைக்கு வரும், அளந்து பார்ப்பேன். அளவு சரியென்றால் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு, இல்லையென்றால் சிவப்பு. என் பச்சைப் பொட்டு இல்லாமல் ஒரு துண்டு இரும்பு அடுத்த பிரிவுக்குப் போகாது. இந்த அதிகாரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று என் மனைவி வசந்தாவைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள். வீட்டில் மாவு புளித்தது முதல் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய சுவர் வரை எல்லாவற்றுக்கும் நான் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு எனக்கு முதல் அட்டாக் வந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடித்துக்கொள்ள உள்ளே வைக்கும் சிறிய வலைக்குழாய் அது. அதன்பிறகு என்னைப் போல் ஒழுங்கான நோயாளியைப் பார்க்க முடியாது. புகை எப்போதும் கிடையாது. மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை. காலையில் நாற்பது நிமிட நடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரே ஒரு வரியைத்தான் பார்ப்பேன். எல்.டி.எல்., கெட்ட கொழுப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த வரி. ஒருமுறை அட்டாக் வந்தவருக்கு அது எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கீழே இருந்தால் பச்சை மைப் பேனாவால் டிக் அடித்து, சுருக்கமாக 'நட.' என்று கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுவேன். மற்ற வரிகள் எனக்குச் சும்மா அச்சடித்தவை.

இது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அட்டாக் வந்து பிழைத்தவன், அளவு பார்ப்பதே வேலையாக உள்ளவன், இரண்டும் சேர்ந்தால் எங்கள் சொந்தத்தில் அவன் பாதி டாக்டர். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் யாராவது மடித்த தாளை நீட்டுவார்கள். "ஏனுங்க நடராஜ், இதையக் கொஞ்சம் பாருங்க." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் தேடுவேன். டிக் அடித்து, 'சரி' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே செய்தேன் என்றும் சொல்லலாம்.

என் ஒரே தங்கை ஈஸ்வரியின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் வந்தது. அன்னூரில் தோட்டத்து வீட்டில் இருக்கிறாள், என்னைவிட ஐந்து வயது இளையவள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு அவர்கள் ஊரில் நடந்த ஒரு முகாமில் ரத்தம் எடுத்திருந்தார்கள். எல்.டி.எல். தொண்ணூற்றாறு. பக்கத்தில் 'நூறுக்குள்' என்று அச்சிட்டிருந்தது. டிக் அடித்தேன். 'சரி' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். "அட, உனக்கெல்லாம் ஒண்ணும் வராது அம்மணி, நூறு வருசம் பால் கறப்ப" என்று சொன்னது கூட நினைவிருக்கிறது.

இரண்டாவது அட்டாக் காலை டீ நேரத்தில் வந்தது. ஷாஃப்டின் வளைவைக் காட்டும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையாமல் நிற்க, மேஜை அசைவது போல் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. கூட வேலை செய்கிறவர்கள் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு நடந்த வாதத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாதத்தில் நான் தோற்றேன். ட்ரோபோனின் என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் பொருள் அது. அது ஏறியிருந்தது. உடனே ஆஞ்சியோகிராம். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை இதயம் வரை ஏற்றி, சாயம் செலுத்திப் படம் பிடிப்பார்கள். ஆள் விழித்தேதான் இருப்பான். அந்த அறை பயங்கரக் குளிர். திரையில் என் ரத்தக்குழாய்கள் கறுப்பாக ஓடி மறைந்தன. ஒன்று மட்டும் பாதியில் நின்றது.

"பழைய ஸ்டென்ட் நல்லா இருக்குதுங்க. இது வேற குழாய்" என்றார் டாக்டரம்மா. நாற்பது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

பயந்துபோனேன். முதல் தடவை வந்தபோது ஒரு காரணம் இருந்தது, எல்.டி.எல். நூற்று அறுபது. அதைச் சரிசெய்துவிட்டேன். இந்த முறை சரிசெய்ய என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் வந்துவிட்டால், இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? அந்தக் குளிரில் படுத்துக்கொண்டு நான் அழுதேன். துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒன்றில் குழாய், இன்னொன்றில் ஊசி.

அந்தக் குழாயைத் திறந்து இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியசாமி சார் என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பைபாஸ் முடிந்தவர். முதல் நாளே, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஜெபத்துல பேரச் சொல்லித்தான் கேக்கணுமுங்க, இல்லீன்னா தப்பான கட்டிலுக்குப் போயிரும்" என்றார். எனக்குச் சாமி நம்பிக்கை அளவாகத்தான். ஆனால் அவர் கண்ணை மூடி உதடு அசைக்கும்போது என் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வசந்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாதுளையை உரித்து ஒவ்வொரு முத்தாகக் கையில் வைப்பாள். என் கால் நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்து வெட்டிவிட்டாள். இன்சூரன்ஸ் காகிதத்துக்காகக் கீழே கவுண்டருக்கும் மேலே வார்டுக்குமாக நாள் முழுக்க நடந்ததில் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்குக் குத்திக்கொண்டு நடந்திருக்கிறாள். பில் எவ்வளவு, கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஊக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் பிரபு திருப்பூரில் வேலை முடித்துத் தினமும் பஸ் ஏறி வந்து, ஒரு மணி நேரம் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.  போகும்போது போர்வையை இழுத்துவிடுவான்.

நான்காம் நாள் ஈஸ்வரி வந்தாள், அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. கையில் ராகிக் களியும் கீரையும். கட்டிலுக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கியது.

"லிப்டுல வரலையா?" என்றேன்.

"அந்தப் பொட்டிக்குள்ள யாரு நிக்கறது. படியில வந்துட்டேங்ணா." உட்கார்ந்து தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "இந்தப் பல்லு வலி வேற. பால் சொசைட்டி மேட்டுல ஏறையில வருது, நின்னா போயிருது. ஒரு நாளைக்குப் பல் டாக்டர்கிட்டக் காட்டோணும்."

"காட்டு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். களி சூடாக இருந்தது, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா வந்தார். நான் ஃபைலை நீட்டினேன், பத்து ரிப்போர்ட், பத்துப் பச்சை டிக். மனதுக்குள் கோபம் இருந்தது. "இதுல எதுங்க தப்பு? சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் எல்லாத் தாளையும் பொறுமையாகப் புரட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே போய்விடும் டாக்டர்களைத்தான் எனக்குத் தெரியும்.

"நீங்க பாத்தது தப்பில்லைங்க. ஒண்ண மட்டும் பாத்துட்டீங்க" என்றார். "மாத்திரை அதோட வேலையைச் செஞ்சிருக்குது. அது இல்லீன்னா இந்த அட்டாக் முன்னாலயே வந்திருக்கலாம். ஆனா எல்.டி.எல். குறைஞ்சா ஆபத்து குறையும், பூஜ்யம் ஆகாது. மிச்சம் ஒண்ணு இருக்கும். அந்த மிச்சம் எங்கிருந்து வருதுன்னு தேடிப் பாக்கோணும்."

என் கடைசி ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு நூற்று முப்பத்தாறு. நல்ல கொழுப்பு என்கிற ஹெச்.டி.எல். முப்பத்து நான்கு. "இதுல அதைக் கழிங்க" என்றார். நூற்றிரண்டு. குழாயில் படியக்கூடிய கொழுப்பு எல்லாம் சேர்ந்து அந்த நூற்றிரண்டில் இருக்கிறதாம், எல்.டி.எல். அதில் ஒரு பங்குதான். நூறுக்கு மேலே போகக்கூடாது. ட்ரைகிளிசரைடு இருநூறு. அது சோறு, இனிப்பு, சும்மா உட்காருதல், சர்க்கரை நோய் வரும் போக்கு இவற்றால் ஏறுவது. இத்தனையும் நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தன. கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஐந்து வருடமாக நான் அதைச் செய்யவில்லை.

இன்னும் சில பரிசோதனைகளையும் சொன்னார். ஒன்று அப்போ-பி. "பஸ்ல எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எல்.டி.எல். சொல்லுமுங்க. ரோட்டுல எத்தனை பஸ் ஓடுதுன்னு அப்போ-பி சொல்லும். ஆள் கம்மியா இருந்தாலும் பஸ் அதிகமா ஓடுனா, எங்கியாவது இடிக்கத்தானே செய்யும்?" உடம்புக்குள் புகையும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்று இன்னொன்று. அதை அட்டாக் வந்த சூட்டில் எடுத்தால் தப்பாகக் காட்டும், சில வாரம் கழித்து எடுக்கலாம் என்றார். மூன்றாவது லிப்போபுரோட்டீன்-ஏ. அதைச் சொல்லும்போது நிறுத்தி, "உங்க அப்பா எப்படிங்க தவறினாரு?" என்று கேட்டார்.

அப்பா நாற்பத்தொன்பது வயதில் தறிக்கூடத்தில், பகல் ஷிப்டில், நின்றபடியே சரிந்தார். பீடி குடிப்பார், அதனால்தான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான் பீடி குடிப்பதில்லை, எனவே எனக்கு அந்தக் கணக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் நான் ஆரோக்கியசாமி சாரிடம் ஷாஃப்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஷாஃப்டின் விட்டம், மைக்ரோமீட்டர் என்னும் கருவியில் அளந்தால், கச்சிதமாக இருக்கும். ஆனால் தண்டு மயிரிழை வளைந்திருந்தால் மைக்ரோமீட்டருக்குத் தெரியாது. அதை உருட்டிவிட்டு டயல் கேஜில் பார்த்தால்தான் தெரியும். மோட்டாரில் போட்டால் அதைத் தாங்கும் பேரிங் ஆறே மாதத்தில் போய்விடும். வேலைக்குச் சேரும் புது ஆட்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒரு அளவு மட்டும் சரியென்றால் பாஸ் போடாதே என்று. "அப்ப உங்களுக்கு யாரும் சொல்லித் தரலீங்களா?" என்றார் சார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

முடிவு வந்தது. லிப்போபுரோட்டீன்-ஏ முப்பதுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு நூற்றுப் பதினெட்டு. எல்.டி.எல். போலவே ஒரு துகள்தான், ஆனால் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் வால் போல ஒன்று சுற்றியிருக்கும். குழாயில் படியவும் செய்யும், ரத்தம் உறையவும் துணை போகும். நடையாலும் சாப்பாட்டாலும் இது குறையாது, நான் போட்ட மாத்திரைக்கும் அசையாது. இதற்கென்று மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம், கைக்கு இன்னும் வரவில்லை. அதனால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கீழே இறக்க வேண்டும். எல்.டி.எல்லுக்கு எழுபது போதாது, இன்னொரு மாத்திரை, அதுவும் போதாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி என்று விளக்கினார்.

"இது எங்கிருந்துங்க வருது?" என்று வசந்தா கேட்டாள்.

"பொறப்புலயே வர்றதுங்க. அப்பா அம்மா வழியா. அதனால அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, புள்ளைங்க, எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கணும். வாழ்நாள்ல ஒரு தடவை பாத்தாப் பெரும்பாலும் போதும்." என்னைப் பார்த்தார். "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

அப்போதுதான் எனக்கு மேடு நினைவுக்கு வந்தது. மேட்டில் ஏறும்போது வந்து, நின்றால் போய்விடும் பல்வலி. பல்வலிக்கு மேடும் பள்ளமும் எப்படித் தெரியும்? டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "பெண்களுக்குச் சில சமயம் ஹார்ட் பிரச்சினை நெஞ்சு வலிக்காமயே வருமுங்க. தாடை, முதுகு, மூச்சு வாங்கறதுன்னு வரும். அவங்களச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அளக்கும் கருவியே தப்பு என்று தெரிந்தால், அதைக் கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து அதனால் பாஸ் ஆன ஒவ்வொரு துண்டையும் திரும்ப வாங்க வேண்டும். ஒருமுறை மைக்ரோமீட்டர் ஒன்று கீழே விழுந்ததை யாரோ சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டார்கள். இரண்டு வாரச் சரக்கை லாரி செட்டிலிருந்தும் கடைகளிலிருந்தும் நான்தான் போய் இறக்கினேன். இப்போது கருவி நான். வசந்தாவிடம் பேப்பர் கேட்டு, நான் பச்சை டிக் அடித்தவர்களின் பெயரை எழுதினேன். பதினோரு பெயர்கள் சேர்ந்தன. ஈஸ்வரி முதல் பெயர். ஒருவர் போன வருடம் இறந்துவிட்டார். அதற்கும் என் டிக்குக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வார்டிலிருந்தே ஈஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"உடனே வந்து டாக்டரப் பாரு அம்மணி. அது பல்லு வலி இல்ல."

"ஏனுங்ணா, இப்படிப் பதறறீங்க? எனக்குத்தான் எல்லாம் சரின்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே."

"அது தப்பு. நான் தப்பாப் பாத்துட்டேன்."

 அவள் என்னைக் குழந்தையைத் தேற்றுவது போல் பேசினாள். "அன்னிக்கு உங்களுக்குப் பயமில்ல, நல்லாப் பாத்துச் சொன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கறீங்க, பாக்கறவங்களெல்லாம் நோயாளியாத் தெரியுது. முதல்ல நீங்க தேறி ஊட்டுக்கு வாங்க. எருமை வேற கன்னு போடற நாளு."

மூன்று தடவை பேசினேன். பிரபு பேசினான், வசந்தா பேசினாள். மாப்பிள்ளை ராமசாமியிடமும் சொன்னேன். அவள் கணவர், என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர். "சொல்லிப் பாத்துட்டனுங்க மச்சான். அந்தத் தாளக் காட்டறா" என்றார். என் தங்கை என்னைவிட என் கையெழுத்தை நம்பினாள். நான் அப்படி வளர்த்து வைத்திருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள், பயணம் கூடாது என்று வசந்தா தடுத்தும் கேளாமல், டாக்டரம்மாவிடம் போனில் அனுமதி வாங்கி, பிரபுவின் நண்பன் காரில் அன்னூர் போனேன். வசந்தா பின் சீட்டில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து வாசலில் இறங்கியதும் ஈஸ்வரி ஓடி வந்தாள். பத்தடி ஓடியவள் நின்று தாடையில் கை வைத்தாள். 

"அந்தத் தாள எடு" என்றேன்.

சமையலறைச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கியது. அதன் பின்னால் செருகி வைத்திருந்தாள். மஞ்சள் தூள் பட்ட விரல் ரேகையோடு, நாலாக மடித்து. பச்சை மை மங்காமல் இருந்தது. 'சரி. நட.'

எங்கள் கம்பெனியில் தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது. வெள்ளை பூசக்கூடாது, மேலே மாற்றி எழுதவும் கூடாது. ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் அன்றைய தேதியும். மேடையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் தாளை விரித்து வைத்து, அப்படியே செய்தேன். 'சரி'யின் மேல் ஒரு கோடு. 'பார்த்தது தவறு' என்று எழுதினேன்.  கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

ஈஸ்வரி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அடிச்சுப்போட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

"அடிச்சுட்டேன் அம்மணி."

அவள் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் மறக்க மாட்டேன். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான். அதற்கு முன் ஒன்றரை வருடம் அதை அவளிடமிருந்து எடுத்து வைத்திருந்தவனும் நான். அவள் அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்குக் கறவைக்கு ஆளச் சொல்லிப்போட்டு வாரேங்ணா."

"நாளைக்கு இல்ல. இப்ப."

மாப்பிள்ளை மாட்டைக் கட்டிவிட்டு வந்து காரில் முன்னால் ஏறிக்கொண்டார். நேராக மருத்துவமனைக்குப் போனோம்.

படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மறுநாள் ஓடும் பட்டையில் நடக்க விட்டுப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை. நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள், பல்வலி வந்துவிட்டது. அன்று மாலையே ஆஞ்சியோகிராம். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய் நூலளவுதான் திறந்திருந்தது. கதவுக்கு வெளியே நாற்காலி வரிசையில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு உள்ளே இருப்பது இதைவிட எளிது என்று அன்று தெரிந்தது. வசந்தா இரண்டு டீ வாங்கி வந்து மாப்பிள்ளைக்கு ஒன்று கொடுத்து, இன்னொன்றைத் தானே குடித்தாள். எனக்கு உப்பில்லாத மோர் கொண்டுவந்திருந்தாள்.

ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டாக் வருவதற்கு முன்பே வைத்தார்கள், அதுதான் பெரிய வித்தியாசம். அவளுடைய இதயத் தசையில் ஒரு அடியும் படவில்லை.

பட்டியலில் மீதிப் பேரிடமும் போனேன், சிலரிடம் போனில். எட்டுத் தாள் திரும்பி வந்தன, எட்டையும் கோடு போட்டு அடித்தேன். இருவர் சிரித்தார்கள், ஒருவர் கோபப்பட்டார். ஆறு பேர் டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். பிரபுவுக்கும் எடுத்துப் பார்த்தோம், அவனுக்கு அளவுக்குள்தான் இருந்தது. அன்று வசந்தா பூஜை மாடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

போன வாரம் நானும் ஈஸ்வரியும் ஒரே நாளில் செக்கப்புக்குப் போயிருந்தோம். இப்போதெல்லாம் அப்படித்தான் போகிறோம். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே டோக்கன் வரிசை. லேபிலிருந்து அவள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் உறையைப் பிரித்து, பழைய பழக்கத்தில் என்னிடம் நீட்டினாள்.

"பாருங்ணா."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பேனா இல்லை, வசந்தா எடுத்து வைத்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லா வரியையும் வாசித்தேன், முதலிலிருந்து கடைசிவரை. எல்.டி.எல். ஐம்பத்தொன்று. கழித்துப் பார்த்தால் எழுபத்தொன்பது. ட்ரைகிளிசரைடு குறைந்திருந்தது. லிப்போபுரோட்டீன்-ஏ நூற்று நாற்பத்திரண்டு, என்னுடையதைவிட அதிகம். அது குறையப்போவதில்லை. அப்பா எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனது அது.

"எப்படி இருக்குதுங்ணா? சரிதானுங்களா?"

சொல்ல வாய் திறந்தேன். பிறகு தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியல அம்மணி. டாக்டரம்மாகிட்டக் கேக்கலாம்."

அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். ஐம்பது வருடத்தில் என் வாயிலிருந்து 'தெரியல' என்ற வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"இனிமே நீங்க சொல்றத நம்பலாமுங்ணா" என்றாள்.

எங்கள் டோக்கனுக்கு இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். இருவரும் உட்கார்ந்திருந்தோம்.